செ.மீ. கணக்கைக் கடைசியில் பாருங்கள்: ஆண்டர்மாட்டின் பனி முன்னறிவிப்பை வாசிக்கும் விதம்

"கெம்ஸ்டாக்: வெள்ளி இரவு 50 செ.மீ." என்று வானிலை ஆப்பில் வந்துவிட்டால் போதும், சனிக்கிழமை விடியுமுன்னே சூரிச் பக்கமிருந்து ஸ்கீ பிரியர்களின் கார்கள் ஆண்டர்மாட்டின் அந்த மலைக்குக் கிளம்பிவிடும். அதில் பலர் ஏமாந்து திரும்புவார்கள். லிஃப்ட் மூடியிருக்கும். அல்லது பனி கஞ்சி போலக் கனத்துக் கிடக்கும். இல்லையென்றால் காற்று மொத்தத்தையும் வாரிக் கொண்டுபோய் அடுத்த பள்ளத்தில் கொட்டியிருக்கும். முன்னறிவிப்பில் பொய் இல்லை, 50 செ.மீ. விழுந்தது உண்மைதான். வாசித்த வரிசைதான் தவறு. முதலில் காற்றின் திசை, பிறகு பூஜ்ய டிகிரி எந்த உயரத்தில், பிறகு பனி எத்தனை மணிக்கு நிற்கிறது. செ.மீ. எல்லாவற்றுக்கும் கடைசி.

இதைப் பழக சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் நல்ல இடம். ஆல்ப்ஸின் வடக்கு வானிலையும் தெற்கு வானிலையும் முட்டிக்கொள்ளும் வாசல் அது. ஊர் 1,444 மீட்டரில், ஊரி மாநிலத்தின் உர்சரன் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கேபிள் கார் 2,212 மீட்டரில் குர்ஷெனில் ஒருமுறை மாறி, 2,961 மீட்டரில் கெம்ஸ்டாக் உச்சிக்குப் போய்ச் சேரும். சரிவுகள் பெரும்பாலும் வடக்கு பார்த்தவை, ஜனவரியில் வெயில் எட்டிப் பார்ப்பதே அரிது. எதிர்ப்பக்கம் நேட்ஷன், கூட்ஷ்; அவை தெற்கு பார்த்தவை, 2,344 மீட்டர் வரை. ஒரே ஊர், ஒரே நாள், ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு விதமான பனி.

காற்றில் தொடங்குவோம். வடமேற்கிலிருந்து வந்தால் அட்லான்டிக் ஈரம் ஆல்ப்ஸின் வடக்கு விளிம்பில் முட்டி, மேலேறி, குளிர்ந்து கொட்டும். ஜெர்மன் பேசுகிறவர்கள் இதை நோர்ட்ஷ்டாவ் என்பார்கள்: வடக்குத் தேக்கம். பொதுவாகக் குளிரான காற்று, அதனால் பனியும் லேசாக வரும். பவுடர், அதாவது உதிரியான லேசான புதுப்பனி, வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டியது இதற்குத்தான்.

தெற்குக் காற்று வேறு கதை. ஜெனோவா வளைகுடாவில் தாழ்வழுத்தம் உட்கார்ந்தால் மத்தியதரைக் கடலின் ஈரம் தென் சுவிஸ் மாநிலமான திச்சினோ வழியாக ஏறி, கோத்தார்ட் மலையின் தென்னடியில் உள்ள ஐரோலோவில் கொட்டும். கோத்தார்ட் முகட்டைத் தாண்டி கெம்ஸ்டாக் வரைக்கும் அது தெறிக்கும். அதே மணி நேரத்தில் வடக்கே, பள்ளத்தாக்கின் கீழே ஆல்ட்டார்ஃபில் ஒரு துளி விழாது. பள்ளிப் புவியியலில் படித்த ஃபான் காற்று அங்கேதான் அடித்துக்கொண்டிருக்கும். ஈரத்தைத் தென்புறத்திலேயே இறக்கிவிட்டு வறண்டு இறங்கும் காற்று, 100 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் சூடாகும். ஆல்ட்டார்ஃபில் ஜனவரியில் சட்டைக் கையை மடித்துவிடத் தோன்றும் நாளில், கெம்ஸ்டாக்கில் ஒன்றும் தெரியாத வெண்புகை.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். தெற்குக் காற்று முகட்டைத் தாண்டும்போது, நாம் ஸ்கீ போடும் அந்த வடக்கு முகம் காற்றுக்கு மறைவான பக்கமாகிவிடுகிறது. முகட்டின் மறுபுறத்தில் கிளப்பிய பனியை எல்லாம் காற்று இந்தப் பக்கம்தான் கொட்டும். ஆப் சொன்ன 50 செ.மீ. ஓர் இடத்தில் 20 ஆகவும், இருநூறு அடி தள்ளி ஒரு குழியில் ஒன்றரை மீட்டராகவும் கிடக்கும். அப்படிக் கொட்டிய பனி உதிரியாக இருக்காது. பறந்தபோதே படிகங்களின் கைகள் எல்லாம் உடைந்து, பொடியாகி, நெருக்கமாக அடைந்து ஒரு பலகையாகிவிடும். ஸ்கீ முனையால் தட்டினால் தெர்மாகோல் போல மந்தமான சத்தம் வரும், வெட்டினால் கட்டியாகப் பெயரும். அந்தப் பலகைதான் பனிச்சரிவாக உடைந்து இறங்குவது. உதிரிப் பனியை நகர்த்த மணிக்கு 20, 30 கி.மீ. காற்றே போதும். 80, 90 என்று முன்னறிவிப்பில் இருந்தால் மேல் பகுதி லிஃப்ட் ஓடாது என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

அடுத்தது பூஜ்ய டிகிரி உயரம். பனி மழையாக மாறும் கோடு அதற்குச் சுமார் 200 முதல் 300 மீட்டர் கீழே இருக்கும், விழுகிற பனி உருகக் கொஞ்சம் தூரம் வேண்டுமல்லவா. பூஜ்ய டிகிரி 1,800 மீட்டரில் என்றால் 1,500 வரை பனி, ஊரில் ஈரச் சொதசொதப்பு, 1,106 மீட்டரில் இருக்கும் கோஷனனில் சுத்தமான மழை. இதில் ஒரு நெளிவு உண்டு. மழை பலமாக, காற்று வீசாமல், குறுகிய பள்ளத்தாக்கில் பெய்தால், உருகும் பனியே அந்தக் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். பனிக்கோடு மேலும் பல நூறு மீட்டர் கீழே இறங்கிவிடும். அதனால்தான் சில இரவுகளில் மழை என்று சொன்ன ஊரில் காலையில் காரைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. ஃபான் அடிக்கும் நாளில் இது நடக்காது, சூட்டைக் காற்றே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கும்.

வெப்பநிலை கனத்தையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலான ஆப்கள் 1 மி.மீ. நீருக்கு 1 செ.மீ. பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகின்றன. உண்மையில் 30 மி.மீ. நீர் பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால் 15, 20 செ.மீ. தான் வரும், அதுவும் ஈரச் சிமென்ட். அதே 30 மி.மீ. மைனஸ் 10-ல் காற்றில்லாமல் விழுந்தால் 45 செ.மீ. வரும், ஊதினால் பறக்கும். ஆகவே முன்னறிவிப்பில் செ.மீ.யோடு மி.மீ.யும் காட்டும் தளத்தைப் பாருங்கள். செ.மீ.யை மி.மீ.யால் வகுத்து 1-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு லேசு.

வெப்பநிலை புயலின்போது எந்தத் திசையில் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. சூட்டில் தொடங்கிக் குளிரில் முடிந்தால் கனமான பனி அடியிலும் லேசான பனி மேலேயும் அமையும். அடிப்பனி பழைய பொருக்கில் ஒட்டிக்கொள்ளும், மேலே மிதக்கலாம். குளிரில் தொடங்கிச் சூட்டில் முடிந்தால் தலைகீழ்: பஞ்சின் மேல் செங்கல் அடுக்கிய மாதிரி. ஸ்கீ உள்ளே போய்ச் சிக்கும், முழங்கால் திருகும், சரிவும் உடையும். ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். வெள்ளி மாலை பூஜ்ய டிகிரி 1,800 மீட்டர், தென்மேற்குக் காற்று 70 கி.மீ.; நள்ளிரவில் குளிர் முகம் (குளிர்காற்றின் முன்விளிம்பு) கடக்கிறது; விடியலில் பூஜ்ய டிகிரி 900, வடமேற்குக் காற்று 25; மொத்தம் 40 செ.மீ. இந்த 40, நாள் முழுக்க சூடேறிக்கொண்டே வந்து விழும் 70-ஐ விட எவ்வளவோ மேல். ஆனாலும் முன்னிரவில் தென்மேற்குக் காற்று கட்டிய பலகை, பின்னிரவுப் பவுடருக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. மேலே பார்த்தால் பஞ்சுமெத்தை, கண்ணுக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு முகட்டை ஒட்டிய செங்குத்தான குழிகளில் இறங்கக் கூடாது.

மூன்றாவது, எத்தனை மணிக்கு நிற்கிறது. பனி அழுத்தும் வண்டிகள் இரவில் ஓடுகின்றன. அழுத்திய பனி இறுக, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்பட, சில மணி நேரம் வேண்டும். மாலை 8 மணிக்குப் பனி நின்றால் காலையில் பாய் விரித்தது போல இருக்கும். அதிகாலை 5 மணி வரை கொட்டினால் பிஸ்டின் (வண்டி சமன் செய்த ஸ்கீ தடம்) மேல் 15 செ.மீ. அழுத்தாத பனி, பதினொரு மணிக்கெல்லாம் மேடும் பள்ளமுமாக உழுத வயல். ஒரு எச்சரிக்கை: செங்குத்துச் சரிவில் அந்த வண்டி ஆயிரம் மீட்டர் நீளக் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டுதான் வேலை செய்யும். வடம் பனிக்குள் புதைந்திருந்து திடீரென்று விண்ணென்று எழும். பிஸ்ட் மூடிய பிறகு டார்ச் அடித்துக்கொண்டு நடந்து ஏறுவது வெறும் விதிமீறல் அல்ல, ஆளையே வெட்டும் விஷயம்.

இரவில் 30 செ.மீ.க்கு மேல் விழுந்தால், லிஃப்ட் திறப்பதற்கு முன் வெடி வைத்துப் பனிச்சரிவுகளை இறக்குவார்கள். வெளிச்சம் வேண்டும், காற்று அடங்க வேண்டும். எனவே பெரிய பனி விழுந்த மறுநாள் மேல் பகுதி மதியம் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். முதல் நாள் குர்ஷென் வரைதான் என்று மனதைத் தயார் செய்துகொண்டு, இரண்டாம் நாளுக்குக் கால்களைச் சேமித்து வைப்பவர்களே கெட்டிக்காரர்கள். பனி கொட்டும் நேரத்தில் மேலே போவதிலும் பெரிய லாபமில்லை. மற்ற ஊர்களில் புயல் நாளில் காட்டுக்குள் இறங்கலாம், மரங்களைப் பார்த்து மேடு பள்ளம் தெரிந்துகொள்ளலாம். உர்சரன் பள்ளத்தாக்கில் மரமே அபூர்வம். ஊருக்கு மேலே முக்கோணமாக நிற்கும் குர்ஷென் காடு ஒன்றுதான் பெயர் சொல்ல இருக்கிறது. அதில் மரம் வெட்ட 1397-லேயே தடை போட்டார்கள், பனிச்சரிவுக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் வேலி அது. வேலி இருந்தும் 1951 ஜனவரியில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு சரிவுகள் ஊரில் இறங்கி 13 பேர் மாண்டார்கள்.

சரி, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக மாதிரி, அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல், பூமியைச் சுமார் 9 கி.மீ. கட்டங்களாகப் பிரிக்கிறது. 9 கி.மீ.க்குள் உர்சரன் பள்ளத்தாக்கும் அடங்கிவிடும், கெம்ஸ்டாக்கும் அடங்கிவிடும். மாதிரியின் கண்ணுக்கு அங்கே உச்சியும் இல்லை, பள்ளமும் இல்லை, இடைப்பட்ட உயரத்தில் ஒரு மழுங்கிய மேடுதான். ஆப் அந்த மேட்டின் எண்ணை எடுத்து, உயரத்துக்குத் தக்கபடி சரிக்கட்டி, "உச்சியில் இவ்வளவு" என்று போடுகிறது. சுவிஸ் வானிலைத் துறையான மீட்டியோஸ்விஸ் 2024 முதல் ஓட்டும் ஐகான் மாதிரிகளில் ஒன்று 1 கி.மீ. கட்டம், 33 மணி நேரம் வரை. இன்னொன்று சுமார் 2 கி.மீ., ஐந்து நாள் வரை. எனவே ஐந்து நாளுக்கு அப்பால் உள்ள செ.மீ.யைப் படித்து அறை பதிவு செய்வது சூதாட்டம். அந்தத் தூரத்தில் பார்க்க வேண்டியது திசையும் போக்கும் மட்டும்: வடமேற்கு வருகிறதா, தெற்கு வருகிறதா, குளிர்கிறதா. ஐரோப்பிய மாதிரியை ஒவ்வொரு முறையும் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி 51 தடவை ஓட்டுகிறார்கள். அந்த 51 கோடுகளும் ஒரே கற்றையாக வந்தால் நம்பலாம். விசிறியாக விரிந்தால், நடுக்கோட்டின் எண்ணைத்தான் ஆப் காட்டும். அது நடக்கவே நடக்காத ஒரு எண்ணாகக்கூட இருக்கலாம்.

விழுந்த பிறகு என்ன ஆனது என்பதற்குத் தானியங்கி நிலையங்கள் உண்டு. டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்.எல்.எஃப். மலைகள் முழுக்க இவற்றை நட்டிருக்கிறது. காற்றை அளப்பது முகட்டில், பனி ஆழத்தை அளப்பது காற்று படாத சமதளத்தில். ஆழக் கோட்டையும் காற்றுக் கோட்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஆழம் சீராக ஏறி, காற்று 15-க்குள் இருந்தால் அது நிஜப் பவுடர். வானம் வெளுத்த பிறகும் ஆழம் ஏறினால் காற்று அள்ளிவந்து போடுகிறது. பனி நின்றதும் கோடு மெதுவாகச் சாய்ந்தால் பயப்பட வேண்டாம், புதுப்பனி தன் கனத்திலேயே அமுங்குகிறது. முதல் நாளிலேயே 50 செ.மீ. 40 ஆகிவிடும். அதனால்தான் மூன்று நாளின் புதுப்பனியைக் கூட்டினால் மொத்த ஆழத்தின் கணக்கோடு ஒருபோதும் ஒத்துப்போகாது.

ஸ்கீ தளங்கள் தங்கள் பக்கத்தில் போடும் "மலையில் 220 செ.மீ." என்பது அந்த ஒரு அளவுகோலின் சமாசாரம். காற்று தின்னும் முகட்டில் அதே நாளில் கல் தெரியும். "புதுப்பனி 30 செ.மீ." என்றால் 24 மணி நேரத்திலா, 72 மணி நேரத்திலா என்று பாருங்கள். பிஸ்ட் நிலை என்ற கட்டத்தில் பவுடர், கெட்டி, ஈரம், செயற்கைப் பனி என்று ஒன்றைப் போட்டிருப்பார்கள். "கெட்டி" என்பது மோசமில்லை, விளிம்பு தீட்டிய ஸ்கீக்கு அது நல்ல நாள். செயற்கைப் பனி என்று டிசம்பரில் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்: பிஸ்ட் வெள்ளைப் பட்டையாக ஓடும், பக்கத்தில் புல்.

அந்தச் செயற்கைப் பனிக்கு வேண்டியது குளிர் மட்டுமல்ல, வறட்சியும். பனி தயாரிக்கும் பீரங்கியிலிருந்து பறக்கும் நீர்த்துளி ஆவியாகித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்று வறண்டு, ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தால் பிளஸ் 1 டிகிரியில்கூடப் பீரங்கி ஓடும். 95 சதவீதம் இருந்தால் மைனஸ் 1-ல் தண்ணீர்தான் கொட்டும். கணக்கு வைப்பது, காற்றின் சூட்டையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் ஈரக்குமிழ் வெப்பநிலை, அது மைனஸ் 2-க்குக் கீழே வர வேண்டும். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. அடித்தளம் போடச் சுமார் 1,000 கன மீட்டர் நீர் போகும்.

பிஸ்டை விட்டு இறங்குபவர்களுக்கு எஸ்.எல்.எஃப். வெளியிடும் பனிச்சரிவு அறிக்கைதான் முதல் பக்கம். குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு வரும், காலை 8 மணிக்குப் புதுப்பிக்கப்படும். ஒயிட் ரிஸ்க் ஆப்பிலும் படிக்கலாம். 1 முதல் 5 வரை நிலைகள். 2022-23 குளிர்காலத்திலிருந்து நிலை 2 முதல் கூட்டல், சமம், கழித்தல் குறி வேறு. நிலை 3 என்றதும் "நடுத்தரம்தானே" என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். நிலைக்கு நிலை ஆபத்து கூடுவது ஏணிப்படி போல் அல்ல, பல மடங்காகக் கூடும். உயிரிழப்புகளில் ஏறக்குறைய பாதி நிகழ்வது இந்த 3-ல்தான். 4-ல் பயந்து வீட்டில் இருப்பவர்கள் 3-ல் துணிந்து போகிறார்கள். எண்ணைவிட முக்கியம் கீழே உள்ள வட்டம்: எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல். "2,200 மீட்டருக்கு மேல், வடமேற்கு முதல் கிழக்கு வரை" என்று இருந்தால், அது கெம்ஸ்டாக்கைப் பெயர் சொல்லாமல் சொல்வது.

அதற்கும் கீழே "என்ன பிரச்சினை" என்று எழுதியிருப்பார்கள். புதுப்பனி என்றால் ஓரிரு நாள் பொறுத்தால் தணியும். காற்றுப்பனி என்றால் இடம் பார்த்து ஒதுங்கலாம். பழைய பனி என்று இருந்தால்தான் வயிற்றைக் கலக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் மெல்லிய பனிப்படலத்தின் மேல் தொடர்ந்து கடுங்குளிர் நின்றால், தரைச்சூட்டுக்கும் மேற்பரப்புக் குளிருக்கும் நடுவே ஆவி ஏறி ஏறி, அடிப்பனி சீனி மாதிரி உதிரிப் படிகமாகிவிடும். கையில் அள்ளி உருண்டை பிடித்தால் விரலிடுக்கில் ஓடிவிடும். நிழலான வடக்குச் சரிவில் அந்த அடுக்கு வாரக்கணக்கில் ஆறாது. மேலே நல்ல வெயில், கடைசிப் பனி விழுந்து எட்டு நாள், பத்துத் தடம் ஏற்கெனவே இருக்கிறது. பதினோராவது ஆள், பனி மெலிந்த ஓர் இடத்தை மிதித்ததும் மொத்தச் சரிவும் பெயரும். தடம் இருப்பது எதற்கும் சான்றல்ல.

புதுப்பனிக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. பலமான காற்று, கடுங்குளிர், அடியில் வழுக்கும் பழைய மேற்பரப்பு என்று எல்லாம் எதிராக இருந்தால் 10, 20 செ.மீ.யே ஆபத்து. காற்றில்லை, பூஜ்யத்தை ஒட்டிய சூடு, கரடுமுரடான அடித்தளம் என்று எல்லாம் சாதகமானால் 30 முதல் 60 வரை தாங்கும். 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில்தான் பலகை உடையும். சுவிஸ் நிலவரைபடத்தில் சாய்வு அடுக்கைப் போட்டால் 30-க்கு மேல் மஞ்சள், 35-க்கு மேல் ஆரஞ்சு, 40-க்கு மேல் சிவப்பு என்று வண்ணம் வரும். நிலை 3 நாளில் வெள்ளையாகத் தெரியும் இடத்திலேயே இருங்கள். தலைக்கு மேலே சிவப்பு தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி, மண்வெட்டி, துழாவுகோல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். குழுவுக்கு ஒன்று என்று வைத்தால், அதை வைத்திருப்பவரே புதைந்துபோகலாம்.

மார்ச் மாதத்துக்குப் பிறகு கணக்கு முழுக்க மாறும். அப்போது கேட்க வேண்டியது இரவில் வானம் தெளிவாக இருந்ததா என்பதுதான். தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்று பிளஸ் 2-ல் இருந்தாலும் உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் மைனஸ் 1-ல்கூடச் சரியாக உறையாது. நன்றாக உறைந்த பனி காலை வெயிலில் மேல் ஓரிரு செ.மீ. மட்டும் இளகும் நேரம்தான் ஃபிர்ன். வெண்ணெய் மேல் கத்தி போவது போல ஸ்கீ போகும். கிழக்குச் சரிவில் ஒன்பதரை, தெற்கில் பதினொன்று, மேற்கில் மதியம் தாண்டி. ஒவ்வொன்றிலும் கிடைப்பது முக்கால் மணி நேரம்தான். கால் கணுக்கால் வரை புதைய ஆரம்பித்தால் அந்தப் பக்கம் முடிந்தது, ஈரப் பனிச்சரிவுகள் இறங்கத் தொடங்கும். ஆண்டர்மாட்டில் காலையில் நேட்ஷன், பிறகு ஊரைத் தாண்டி வடக்கு பார்த்த கெம்ஸ்டாக் என்பது இதனால்தான் சரியான வரிசை. தெற்குக் காற்று சஹாரா தூசியைக் கொண்டுவந்து போட்ட ஆண்டுகளில், 2021 பிப்ரவரியிலும் 2022 மார்ச்சிலும் போல, பனி செம்மஞ்சளாகி வெயிலை அதிகம் உறிஞ்சும். அப்போது மேலே சொன்ன மணிகளையெல்லாம் முன்னே தள்ளிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, போய்ச் சேரும் வழி. ஓபரால்ப் கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் மூடியே இருக்கும். கிழக்கே செட்ருன், டிசென்டிஸ் பக்கம் போக ரயில்தான், பனிச்சரிவு ஆபத்து ஏறினால் அதுவும் நிற்கும். வடக்கிலிருந்து வரும் ஒரே வழியான ஷோலனன் மலையிடுக்கும் பெரும் பனியில் மூடப்படும், அப்போது ஊருக்குள் இருப்பவர் உள்ளேதான், கோஷனனில் நிற்பவர் கோஷனனில்தான். முன்னறிவிப்பில் 80 செ.மீ.க்கு மேல், தெற்குக் காற்று, அறிக்கையில் நிலை 4 என்று மூன்றும் சேர்ந்தால், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவர் ஞாயிறு மதியத்துக்குள் மலையிடுக்கைத் தாண்டியிருக்க வேண்டும்.